வரிக்குதிரை மீன் முளையங்களில் நீர்முள்ளிச் சாறு: எதைக் கண்டால் 'பாதுகாப்பு' என்று எழுதலாம்?

கேள்வி: கிளிநொச்சி மாணவி

எல்லோருக்கும் வணக்கம். இறுதியாண்டு ஆய்வொன்றைத் தொடங்கியிருக்கிறேன். அனுபவமுள்ளவர்களின் கருத்து வேண்டும்.

வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த, காரணம் இன்றுவரை உறுதிப்படாத நீண்டகாலச் சிறுநீரக நோய், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் எல்லையோரக் கிராமங்களிலும் அச்சத்தோடு பேசப்படுகிறது. கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, கட்மியம் போன்ற உலோகங்கள், விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீரிழந்து உழைத்தல் எனப் பல காரணங்கள் சந்தேகிக்கப்படுகின்றன. இன்னொரு புறம், நீர்க்கட்டுக்கும் வீக்கத்துக்கும் எங்கள் வீடுகளில் நீர்முள்ளி, மூக்கிரட்டை, நெருஞ்சி ஆகியவற்றை அவித்துக் குடிக்கும் வழக்கம் தலைமுறைகளாக இருந்து வருகிறது. இந்த மூன்று செடிகளின் சாறும் கட்மியத்தின் நச்சுத்தன்மையிலிருந்து சிறுநீரகத்தைக் காக்குமா என்பதை வரிக்குதிரை மீனின் முளையங்களில் சோதிக்க விரும்புகிறேன்.

செடிகளை நிழலில் உலர்த்தி, தூளாக்கி, நீரில் காய்ச்சி வடித்தேன். கருக்கட்டி சில மணிநேரமேயான முளையங்களை (முட்டைக்குள் வளரும் கருக்களை) பல சிறு கிண்ணங்கள் கொண்ட கிண்ணத் தட்டுகளில் இட்டு, கட்மியம் குளோரைட்டையும் சாற்றையும் ஒரே நேரத்தில் சேர்த்து, 96 மணிநேரம் கழித்து உயிரோடிருப்பவற்றை எண்ணினேன். தொடக்கச் சோதனையில், கட்மியம் மட்டும் இட்ட கிண்ணங்களைவிட நீர்முள்ளிச் சாறும் சேர்ந்த கிண்ணங்களில் தெளிவாகக் கூடுதலான முளையங்கள் பிழைத்தன. நெருஞ்சியிலோ கட்மியம் இல்லாத கிண்ணங்களில்கூட முளையங்கள் இறந்துவிட்டன, அதனால் அதை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

நீர்முள்ளியின் முடிவை 'சிறுநீரகப் பாதுகாப்பு விளைவு' என்று எழுதலாமா? மீன்களை வளர்ப்பு மீன் கடையில் வாங்கினேன். அவை ஆய்வுக்கு ஏற்றவையா? கிணற்று நீரை வடிகட்டிப் பயன்படுத்துவதில் தவறு உண்டா? முதுகலை மாணவர்களுக்கு இவை எளிய கேள்விகளாக இருக்கலாம். இங்கு வரிக்குதிரை மீனோடு வேலை செய்தவர்கள் அருகில் இல்லாததால் கேட்கிறேன்.

---

பதில்: வவுனியா விலங்கியலாளர்

தங்கச்சிக்கு வணக்கம். கேள்வி நல்லது, தெரிவுசெய்த உயிரினமும் நல்லது. ஆனால் 'சிறுநீரகப் பாதுகாப்பு' என்ற இரண்டு சொற்களில் எதையும் உங்கள் தரவு இன்னும் நிறுவவில்லை. முதலில் 'பாதுகாப்பு' என்பதை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் தாவரச் சாறுகளைப் பற்றி வரும் ஆய்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவை சறுக்குவது அந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

நீங்கள் சாற்றையும் கட்மியத்தையும் ஒரே நேரத்தில் ஒரே கிண்ணத்தில் விட்டீர்கள். தாவரச் சாற்றில் தனின்களும் பிற பல்பீனோல்களும் இருக்கும். அவை உலோக அயன்களைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. ஆகவே சாறு முளையத்துக்குள் சென்று அதன் கலங்களை வலுப்படுத்தியதா, அல்லது முளையத்தை எட்டுவதற்கு முன்பே கிண்ணத்து நீரில் கட்மியத்தைப் பிடித்து வைத்துவிட்டதா என்பதை உங்கள் சோதனையால் பிரித்தறிய முடியாது. இரண்டாவதுதான் நடந்திருந்தால், நீங்கள் கண்டுபிடித்தது ஒரு நீர்ச் சுத்திகரிப்பு முறை. நம் காடுகளில் நிற்கும் தேத்தா மரத்தின் கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் நீரைத் தெளிய வைத்தவர்கள் அதைச் சிறுநீரக மருந்து என்று சொல்லவில்லை.

இதே சிக்கல் ஐதரசன் பேரொட்சைட்டை நச்சாகக் கொடுத்து ஒட்சியேற்ற எதிரிகளைச் சோதிப்பவர்களுக்கு இன்னும் கடுமையாக வரும். சாறு அந்தப் பேரொட்சைட்டை நீரிலேயே சிதைத்துவிடும். முளையம் நலமாக இருக்கும். 'ஒட்சியேற்ற அழுத்தத்திலிருந்து காத்தது' என்று கட்டுரை எழுதப்படும். மறுபுறம், சில பல்பீனோல்கள் காற்றுப்படும் நீரில் தாமாகவே ஒட்சியேறிப் புதிதாகப் பேரொட்சைட்டை உண்டாக்குவதும் உண்டு. கிண்ணத்து நீரும் இந்தச் சோதனையில் ஒரு பங்காளி. அதனுள் நடக்கும் இரசாயனத்தைக் கணக்கில் எடுக்காமல் முளையத்தைப் பற்றிப் பேச முடியாது.

இதற்கு வழி இருக்கிறது. ஒரு தொகுதி முளையங்களை முதலில் சாற்றில் மட்டும் வைத்து, பின்னர் தூய ஊடகத்தில் சில தடவை அலசி, புதிய கிண்ணத்தில் கட்மியத்தை மட்டும் கொடுங்கள். இன்னொரு தொகுதிக்கு முதலில் கட்மியம், அலசல், பின்னர் சாறு. மூன்றாவது தொகுதி நீங்கள் ஏற்கெனவே செய்தது, இரண்டும் ஒருங்கே. முன்கொடுத்தலில் நன்மை தெரிந்தால், முளையத்துக்குள் ஏதோ நடந்திருக்கிறது என்று பேசத் தொடங்கலாம். ஒருங்கே கொடுத்தபோது மட்டும் நன்மை தெரிந்து முன்கொடுத்தலில் மறைந்துவிட்டால், கிண்ணத்து நீரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். முடிந்தால் அலசிய முளையங்களைத் திரட்டி, அவற்றின் உடலில் சேர்ந்த கட்மியத்தின் அளவை அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் பார்த்துவிடுங்கள். ஒரு தடவை பார்த்தாலே பல விவாதங்கள் தீர்ந்துவிடும்.

ஒரு நச்சு உள்ளே நுழைவதைத் தடுப்பதும் ஒருவகைக் காப்புத்தான் என்று நீங்கள் வாதிடலாம், அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. வரிக்குதிரை மீன் குடம்பிகளின் (முட்டையை விட்டு வெளிவந்த இளம் மீன்களின்) உடல் மேற்பரப்பில் உள்ள பக்கக்கோட்டு உறுப்பில், நம் உட்செவியில் உள்ளவற்றை ஒத்த மயிர்க்கலங்கள் இருக்கின்றன. நியோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் அவற்றைக் கொல்லும். பெர்பமின் முதலான தாவர அற்கலோயிட்டுகள் அந்தக் கலங்களைக் காப்பதாகக் கண்டவர்கள் அத்தோடு நிறுத்தவில்லை. மருந்து கலத்துக்குள் போகிறதா என்று தொடர்ந்து பார்த்தார்கள், அது நுழைவதையே இந்த அற்கலோயிட்டுகள் குறைக்கின்றன என்று கண்டு அவ்வாறே எழுதினார்கள். முடிவின் மதிப்பு அதனால் குறையவில்லை. எந்த வழியில் காக்கிறது என்பதைச் சொல்லிவிட்டதால்தான் அடுத்தவர் அதன்மேல் வேலை செய்ய முடிந்தது.

இனி 'சிறுநீரகம்'. 96 மணிநேரத்தில் எத்தனை பிழைத்தன என்ற எண்ணிக்கை, எந்த உறுப்பு பாதிக்கப்பட்டது என்பதைச் சொல்லாது. இந்த மீனின் முளையத்தில் முன்சிறுநீரகம் இரண்டே இரண்டு சிறுநீரகத்திகளால், அதாவது சிறுநீரை உண்டாக்கும் நுண்ணிய அலகுகளால், ஆனது. நடுக்கோட்டில் ஒன்றிணைந்த ஒரேயொரு கலன்கோளம், அதாவது குருதியை வடிகட்டும் நுண்குழாய்ப் பந்து, இருக்கும். கருக்கட்டி ஏறத்தாழ 48 மணிநேரத்தில் அது வடிகட்டத் தொடங்கும். நன்னீரில் வாழும் உயிர் என்பதால் உடலுக்குள் ஓயாமல் நீர் புகுந்துகொண்டே இருக்கும். சிறுநீரகம் செயலிழந்தால் அந்நீர் வெளியேற முடியாமல் இதயத்தைச் சுற்றியும் வயிற்றிலும் வீக்கம் தெரியும். இந்த வீக்கத்தைச் சாதாரண நுணுக்குக்காட்டியிலேயே காணலாம். ஆனால் இதயம் பழுதடைந்தாலும் அதே வீக்கம் வரும் என்பதால், வீக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சிறுநீரகத்தைக் குற்றஞ்சாட்ட முடியாது. இதயத்துடிப்பையும் கூடவே எண்ண வேண்டும். சிறுநீரகத்தை உறுதியாகச் சொல்ல விரும்புபவர்கள், ஒளிரும் சாயம் இணைத்த டெக்ஸ்திரன் என்ற பல்சர்க்கரையைக் குருதியோட்டத்தில் நுண்ணூசியால் செலுத்தி, 24 மணிநேரத்தில் அந்த ஒளிர்வு எவ்வளவு குறைகிறது என்று அளப்பார்கள். 2005இல் ஜென்டாமைசின், சிஸ்பிளாட்டின் ஆகிய மருந்துகளைக் கொண்டு இந்த மீனில் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பை உருவாக்கிக் காட்டியவர்கள் கையாண்டதும் இத்தகைய முறையே. நுண்ணூசி வசதி உங்களிடம் இல்லாவிட்டால் 'முளைய உயிர்பிழைப்பு', 'வீக்கத்தின் வீதம்' என்று கண்டதையே எழுதுங்கள்.

நம் பகுதியின் நோய் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான்கு நாட்கள் ஓர் உலோகத்தில் மிதந்த முளையம், இருபது முப்பது ஆண்டுகள் வயலில் உழைத்த மனிதரின் மெல்ல மெல்லச் சுருங்கும் சிறுநீரகத்துக்கு மாதிரியாகாது. முன்னுரையில் அந்த நோயைக் குறிப்பிடுவதில் பிழையில்லை. முடிவுரையில் அதற்கு மருந்து கிடைத்ததுபோல் ஒரு வாக்கியம் வந்துவிடக் கூடாது. அப்படியொரு வாக்கியத்தை எவராவது பத்திரிகையில் போட்டுவிட்டால், மாத்திரையை நிறுத்திவிட்டுக் கசாயம் குடிப்பவர்கள் நம் ஊரிலேயே இருப்பார்கள்.

நெருஞ்சியை விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். கட்டுரையிலிருந்து அதை விட்டுவிட வேண்டாம். நெருஞ்சியில் சபோனின்கள் என்ற, நீரில் நுரைக்கும் பொருள்கள் உண்டு. சபோனின் மீன்களுக்குப் பொதுவாகவே கொடியது, ஏனெனில் அது கலமென்சவ்வுகளைச் சிதைத்து, செவுள்களையும் குருதிக் கலங்களையும் தாக்குகிறது. மருக்காரைக் காயை இடித்துக் குட்டையில் கலந்து மீன் பிடிக்கும் வழக்கம் தெற்காசியாவில் பல இடங்களில் இருந்ததும் இதனால்தான். மனிதர் வாயால் குடிக்கும்போது சபோனின் குடலிலிருந்து குருதிக்குள் மிகக் குறைவாகவே செல்கிறது. மீனோ அதனுள் மூழ்கிக் கிடக்கிறது. ஆகவே உங்கள் நெருஞ்சி முடிவு, அந்தக் கசாயம் மனிதருக்கு நஞ்சு என்று காட்டவில்லை. அமிழ்த்திச் சோதிக்கும் முறைக்கு அந்தச் சாறு அதே வடிவில் பொருந்தாது என்றுதான் காட்டுகிறது. சபோனினைப் பிரித்தகற்றிய பகுதியை வைத்து மீண்டும் முயலலாம்.

---

பதில்: மாங்குளம் மீன் வளர்ப்பாளர்

நான் ஆய்வாளன் அல்லன். அலங்கார மீன் வளர்த்து விற்பவன். நீரையும் மீனையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கடைகளில் சீப்ரா என்று விற்பவை பலவகை கலந்தவை. உடலில் கோடுகளுக்குப் பதில் புள்ளிகள் உள்ளவையும், நீண்ட செட்டை உள்ளவையும் அதே இனத்தின் பிறழ்வுகளே. ஆய்வுக்கு வேண்டுமானால் கோடு தெளிவான, குட்டைச் செட்டை உள்ளவற்றை ஒரே இடத்தில் வாங்கி, வேறு தொட்டியில் சில வாரங்கள் தனியாக வைத்து நோய் பார்த்துவிட்டு, அவற்றிலிருந்து ஒரு தலைமுறையை நீங்களே எடுத்து வளருங்கள். ஏறத்தாழ மூன்று மாதத்தில் முட்டைக்கு வந்துவிடும். கடை மீனுக்கு முன்பு என்ன மருந்து போட்டார்கள் என்று உங்களுக்கு ஒருபோதும் தெரியவராது. மெத்திலீன் நீலமும் நுண்ணுயிர்க்கொல்லிகளும் இந்தத் தொழிலில் சாதாரணம்.

ஆணையும் பெண்ணையும் மாலையில் ஒரே தொட்டியில் கண்ணாடித் தடுப்பால் பிரித்து வையுங்கள். காலையில் வெளிச்சம் வந்ததும் தடுப்பை எடுத்தால் முட்டையிடும். கீழே வலையோ கோலிக்குண்டுகளோ போடாவிட்டால் தாயும் தந்தையும் சேர்ந்து முட்டைகளைத் தின்றுவிடும். வெளிச்சம் 14 மணிநேரம், இருட்டு 10 மணிநேரம் என்று நேரமானி வைத்துக் கொடுத்தால் ஒழுங்காக இடும்.

வெப்பநிலைதான் வன்னியில் பெரிய தொல்லை. புத்தகங்கள் எல்லாம் தொட்டியைச் சூடாக்கச் சொல்லும். இங்கே சித்திரையிலிருந்து ஆவணி வரை தொட்டியைக் குளிராக்குவதுதான் வேலை. தகரக் கூரையின்கீழ் வைத்த நீர் பிற்பகலில் 33 பாகையைத் தாண்டிவிடும். முட்டைகளை மின்தடையின்போதும் சூடேறாத இடத்தில், தடித்த பெட்டிக்குள் வையுங்கள்.

கிணற்று நீர் வேண்டாம். வளர்ந்த மீன் அதில் வாழும். எங்கள் தொட்டிகளெல்லாம் கிணற்று நீர்தான். ஆனால் ஒரே கிணற்றில் மாரியிலும் கோடையிலும் நீரின் கடினத்தன்மை வேறு வேறாக இருப்பதை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

---

பதில்: வவுனியா விலங்கியலாளர்

அண்ணன் சொன்னவற்றில் வெப்பநிலை, நீரின் கடினத்தன்மை ஆகிய இரண்டு விடயங்களும் உங்கள் முடிவையே மாற்றக்கூடியவை, ஆகையால் அவற்றின் காரணத்தைச் சேர்த்துவிடுகிறேன்.

முளைய வளர்ச்சி அட்டவணைகள் 28.5 பாகை செல்சியஸை அடிப்படையாகக் கொண்டவை. 33 பாகையில் வைத்தால், 24 மணிநேரத்து வளர்ச்சி ஏறத்தாழ 19 மணிநேரத்திலேயே முடிந்துவிடும். தட்டின் ஓரக் கிண்ணங்கள் ஒரு வெப்பநிலையிலும் நடுக்கிண்ணங்கள் இன்னொன்றிலும் இருந்தால், நீங்கள் ஒப்பிடுவது வெவ்வேறு வயதுடைய முளையங்களை. அதனால் எந்தக் கிண்ணத்துக்கு எந்தச் சாறு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். கட்மியம் எல்லாம் ஒரு நிரை, சாறு எல்லாம் இன்னொரு நிரை என்று அழகாக அடுக்க வேண்டாம்.

கடினத்தன்மை இன்னும் நுட்பமானது. கட்மியம் உடலுக்குள் நுழைவது பெரும்பாலும் கல்சியம் செல்லும் வாயில்களின் வழியே. நீரில் கல்சியம் மிகுந்திருந்தால் கட்மியத்துக்கு இடம் கிடைக்காது, நச்சுத்தன்மை குறையும். உங்கள் கிணற்று நீரின் கடினம் ஒரு மாதத்தில் கூடி மறுமாதத்தில் குறைந்தால், கட்மியத்தின் வலிமையும் அதற்கேற்ப ஏறி இறங்கும்; அதைச் சாற்றின் திறமை என்று நீங்கள் எண்ணிக்கொள்வீர்கள். செய்முறைச் சாற்றிலேயே கல்சியம் நிறைய இருந்தால்? அதுவும் ஒரு 'பாதுகாப்பு' ஆகிவிடும். எனவே எல்லோரும் பயன்படுத்தும் முளைய ஊடகத்தையே வடித்த நீரில் தயாரியுங்கள்: இலீற்றரில் சோடியம் குளோரைட்டு 5 மில்லிமூல், பொற்றாசியம் குளோரைட்டு 0.17, கல்சியம் குளோரைட்டு 0.33, மகனீசியம் சல்பேற்று 0.33. பூஞ்சணத்தைத் தடுக்க இதில் மெத்திலீன் நீலம் சேர்ப்பவர்கள் உண்டு. அது இலத்திரன்களைக் கொடுத்து வாங்கும் சாயம் என்பதால் ஒட்சியேற்றம் பற்றிய சோதனையில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

---

பதில்: முள்ளியவளை சித்த வைத்தியர்

மகளுக்கு வாழ்த்துகள். எங்கள் மருந்துகளை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக விரும்பும் பிள்ளைகள் குறைவு, ஆகவே இதை மகிழ்ச்சியோடு வாசித்தேன். இருப்பினும் மூன்று விடயங்களில் எனக்கு மனக்குறை இருக்கிறது.

எட்டுப் பங்கு நீரை ஒரு பங்காக வற்றவைத்து எடுக்கும் குடிநீர், வயிற்றுக்குள் சென்று, செரிமானத்தில் மாறி, ஈரலைக் கடந்த பின்னரே உடலில் வேலை செய்கிறது. வாய் திறவாத முளையத்தை அதனுள் ஊறவைத்துப் பெறும் முடிவை, அது நல்லதாயினும் கெட்டதாயினும், எங்கள் குடிநீரின் முடிவாகக் கொள்ள நான் தயங்குவேன். நெருஞ்சி பற்றி மேலே கூறப்பட்ட விளக்கம் எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த நியாயத்தை நீர்முள்ளியின் நல்ல முடிவுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மீனுக்குக் கெட்டது மனிதருக்குக் கெட்டதாக வேண்டியதில்லை என்றால், மீனுக்கு நல்லதும் அப்படித்தான்.

அடுத்தது செடியின் அடையாளம். மூக்கிரட்டையும் சாரணையும் தரையில் படரும் வேறு வேறு செடிகள், ஆனால் மருந்துக் கடைகளில் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைக் கொடுப்பது நீண்டகாலமாக நடக்கிறது. வெட்டி உலர்த்திய சரக்கை வெறும் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்வது கடினம். பூவும் காயும் உள்ள முழுச் செடியை நீங்களே பிடுங்குங்கள். நீர்முள்ளி குளக்கட்டின் உட்புறத்திலும் வாய்க்கால் ஓரங்களிலும் நீர் வற்றிவரும் காலத்தில் நீலப் பூவோடு நிற்கும். அதை எடுப்பதற்கு அதுவே உகந்த பருவம். வயலோரத்தில் பிடுங்க வேண்டாம், களைகொல்லி அடித்த இடமாக இருக்கும். கட்மியத்துக்கு மருந்து தேடுபவர், கட்மியம் கலந்த உரம் விழுந்த மண்ணில் வளர்ந்த செடியை எடுத்துக்கொண்டு போனால் என்ன பயன்?

மூன்றாவது, மூலிகை என்றாலே தீங்கில்லாதது என்று எங்கள் துறையிலேயே சிலர் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. ஆடுதின்னாப்பாளை, ஈச்சுரமூலி ஆகியவை அடங்கிய பேரினத்தில் அரிஸ்டலோகிக் அமிலம் உண்டு. 1990களில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காகக் கொடுக்கப்பட்ட மருந்தில் அந்தப் பேரினத்துச் செடியொன்று கலந்துவிட்டதால் பலரின் சிறுநீரகங்கள் கெட்டுப்போயின, சிலருக்குப் புற்றுநோயும் வந்தது. சிறுநீரகத்துக்கு மருந்து தேடும் ஆய்வில், சிறுநீரகத்தைக் கெடுக்கும் மூலிகை ஒன்றையும் ஒப்பீட்டுக்காக வைத்துப் பார்த்தால் உங்கள் முறை எதைக் கண்டுபிடிக்க வல்லது, எதைத் தவறவிடும் என்பது தெரியும் அல்லவா?

---

பதில்: வவுனியா விலங்கியலாளர்

ஐயா சொன்ன கடைசி யோசனை மிக நல்லது. அரிஸ்டலோகிக் அமிலம் வரிக்குதிரை மீன் முளையத்தின் இதயத்தைச் செயலிழக்கச் செய்கிறது என்பது 2007இலேயே காட்டப்பட்டது. மனிதரில் சிறுநீரகத்தைத் தாக்குவது இங்கே இதயத்தையும் தாக்குகிறது என்பதைக் கவனியுங்கள். வீக்கத்தை வைத்து மட்டும் உறுப்பைத் தீர்மானிக்க வேண்டாம் என்று முன்பு எழுதியதற்கு இது நல்ல உதாரணம். ஆனால் அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். காற்றிழுப்புப் பெட்டியும் முறையான கழிவகற்றலும் இல்லாத ஆய்வுகூடத்தில் தொட வேண்டாம்.

முழுக் குடிநீரா, தனிச் சேர்மமா என்ற கேள்வியில் ஐயாவோடு எனக்குச் சிறு வேறுபாடு உண்டு. மனிதருக்குப் பயன்படுமா என்று தீர்மானிக்கும் இடமாக இந்த மீனை நான் கருதவில்லை. ஒரு கிண்ணத்துக்குச் சில முளையங்களே போதும், ஒரு சோடி மீன் வாரத்தில் இருநூறுக்கு மேற்பட்ட முட்டைகள் தரும், உடல் கண்ணாடிபோலத் தெளிவானது, சில மில்லிகிராம் பொருளே தேவை. எனவே நூற்றுக்கணக்கான கூறுகளில் எதைத் தொடர்ந்து ஆராயலாம் என்று சல்லடையிடுவதற்கு இதைவிடச் சிக்கனமான முள்ளந்தண்டு விலங்கு இல்லை. டொக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து இதயத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் பொருளைத் தேடி ஏறத்தாழ 3000 சேர்மங்களை இந்த மீனில் சலித்தவர்களுக்கு விஸ்நாகின் கிடைத்தது. மத்தியதரைக் கடற்பகுதியில் நெடுங்காலமாக மருந்தாகப் பயன்பட்ட ஒரு செடியில் உள்ள பொருள் அது. அந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. அவர்கள் மீனோடு நிறுத்தாமல் சுண்டெலியிலும் பார்த்தார்கள், இதயக்கலத்தில் அது எந்தப் புரதத்தோடு இணைகிறது என்பதையும் தேடிக் கண்டார்கள். மீன் கதவைத் திறந்தது, அவ்வளவுதான்.

---

கிளிநொச்சி மாணவி

எல்லோருக்கும் நன்றி. ஐயா, செடிகளை இனி நானே பிடுங்குகிறேன். முதலில் சாறு, பிறகு அலசல், பிறகு கட்மியம் என்ற ஒழுங்கில் மீண்டும் செய்யத் திட்டமிடுகிறேன். எத்தனை மணிநேரத்தில் எதைக் கொடுப்பது, எந்தச் செறிவில் தொடங்குவது, எத்தனை முளையங்கள் போதும் என்பவை இன்னும் தெளிவாகவில்லை. ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டுமா என்றும் சொல்லுங்கள்.

---

பதில்: வவுனியா விலங்கியலாளர்

முதலில் சாற்றின் நச்சுத்தன்மையைத் தனியாகப் பாருங்கள். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு 2013இல் வெளியிட்ட 236ஆம் இலக்க வழிகாட்டி இதற்கென்றே உள்ளது: ஐந்து செறிவுகள், ஒவ்வொன்றுக்கும் 20 முளையங்கள், 96 மணிநேரம். முட்டை திரைந்துபோதல், உடற்துண்டங்கள் உருவாகாமை, வால் மஞ்சட்கருவிலிருந்து பிரியாமை, இதயம் துடிக்காமை ஆகிய நான்கில் ஒன்றைக் கண்டாலும் இறப்பு என்று குறிக்க வேண்டும். எதுவும் சேர்க்காத குழுவில் 90 சதவீதமாவது பிழைக்காவிட்டால் அந்தத் தடவையை முழுமையாக ஒதுக்கிவிட வேண்டும். முளையத்துக்கு எந்த மாற்றமும் செய்யாத மிக உயர்ந்த செறிவைக் கண்டு, அதையும் அதற்குக் கீழ் இரண்டு செறிவுகளையும் பாதுகாப்புச் சோதனைக்கு எடுங்கள். செறிவைக் கூட்டக் கூட்ட விளைவும் ஒழுங்காகக் கூடுகிறதா என்பது ஒரே செறிவில் கிடைக்கும் வியப்பூட்டும் முடிவைவிட நம்பத்தக்கது.

கட்மியத்தின் செறிவு, ஏறத்தாழப் பாதி முளையங்களில் மட்டும் வீக்கமோ வேறு குறைபாடோ காட்டும் அளவில் இருக்கட்டும். எல்லாவற்றையும் கொன்றுவிடும் செறிவில் எந்தச் சாறும் உதவாது. எதையும் செய்யாத செறிவில் உதவ இடமில்லை.

நேர ஒழுங்குக்கு, முளையம் முட்டையுறையை விட்டு 48 முதல் 72 மணிநேரத்துக்குள் தானாக வெளிவரும் என்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். உறைக்குள் இருக்கும்போது பெரிய மூலக்கூறுகள் உள்ளே போவது கடினம். ஆகவே 72ஆவது மணியில் சாறு, 96ஆவது மணியில் அலசல், அதிலிருந்து 120ஆவது மணி வரை கட்மியம் என்று வைத்தால், சிறுநீரகமும் வடிகட்டத் தொடங்கியிருக்கும், சாறும் உறையால் தடுக்கப்படாது. மூன்றாம் நாளளவில் வாயும் திறந்துவிடுவதால் ஐயாவின் முதலாவது மனக்குறைக்கும் ஓரளவு பதில் கிடைக்கும். ஒவ்வொரு கிண்ணத்திலும் பி.எச். பெறுமானத்தைப் பார்க்க மறக்க வேண்டாம். காய்ச்சிய சாறுகள் பெரும்பாலும் அமிலத்தன்மை உள்ளவை. நீர்முள்ளியில் பொற்றாசியம் மிகுதி என்பதால், அதே அளவு பொற்றாசியம் குளோரைட்டை மட்டும் கொண்ட ஒரு குழுவையும் வைத்து இதயத்துடிப்பை ஒப்பிடுங்கள். நன்கறியப்பட்ட காப்புப் பொருளாக அசற்றைல் சிஸ்ரீன் கொடுத்த குழுவொன்றும் வேண்டும். அதுவும் கட்மியத்தைப் பற்றிக்கொள்ளும் என்பதால் அலசல் விதி அதற்கும் பொருந்தும்.

எண்ணிக்கையில் பலர் தம்மை ஏமாற்றிக்கொள்கிறார்கள். ஒரே சோடி மீன் இட்ட 60 முட்டைகள் உடன்பிறந்தவை. அவற்றை 60 தனித்தனிச் சான்றுகளாகக் கணக்கிட்டால் எந்த வேறுபாடும் முக்கியமானதாகத் தோன்றும். வெவ்வேறு சோடிகள், வெவ்வேறு நாட்களில் இட்ட குறைந்தது மூன்று தொகுதிகளில் முழுச் சோதனையையும் மீண்டும் செய்து, தொகுதியையே அலகாகக் கொள்ளுங்கள். வீக்கம் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பவருக்குக் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று தெரியக் கூடாது. உங்கள் தோழி ஒருவரிடம் இலக்கமிட்ட தட்டைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள்.

அனுமதியைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு விதிகள், தானாக இரைதேடத் தொடங்காத குடம்பியை விலங்குச் சோதனையாகக் கொள்வதில்லை; இந்த மீனில் அது ஏறத்தாழ 120 மணிநேரம் வரை. நீங்கள் அந்த எல்லையில் முடித்தாலும், முட்டையிடும் மீன்களை வளர்க்கிறீர்கள், ஆகவே உங்கள் பீடத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு முன்கூட்டியே எழுதிக் கடிதம் பெற்றுவிடுங்கள். பின்னர் எந்தச் சஞ்சிகையும் அதைத்தான் முதலில் கேட்கும். பிடுங்கிய செடிகளில் ஒவ்வொன்றையும் அழுத்தி உலர்த்தி, பேராதனையில் உள்ள தேசிய உலர்தாவரகத்தில் ஒப்படைத்து மாதிரி இலக்கம் பெறுங்கள். காட்டுக்குள் எடுப்பதானால் வனத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். குளக்கட்டில் அந்தச் சிக்கல் குறைவு.

கட்மியம் கலந்த கழிவு நீரைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றிவிட வேண்டாம். மூடிய போத்தலில் சேர்த்து, பெயரும் திகதியும் எழுதி, இரசாயனக் கழிவாக ஒப்படையுங்கள். ஆய்வுகூடத்துக்குப் பின்னால் இருக்கும் கிணறு எவ்வளவு தூரம் என்று பார்த்தாலே காரணம் விளங்கும்.

---

பதில்: மாங்குளம் மீன் வளர்ப்பாளர்

தங்கச்சி, 72ஆவது மணியில் தொடங்குவதானால் முட்டை எடுக்கும் நாளைக் கணக்கிட்டு வையுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் எடுத்தால் சாறு திங்கட்கிழமை, அலசல் செவ்வாய், முடிவு புதன். வார இறுதியில் தட்டைப் பார்க்க வேண்டிய வேலை மட்டும்தான் இருக்கும், இறந்தவற்றை அன்றன்றே அகற்றுவதற்கு. அவற்றை விட்டுவைத்தால் ஒரே இரவில் பூஞ்சணம் பிடித்து, நல்லவற்றையும் கொண்டுபோய்விடும்.